அப்பவே சாரும் வெள்ளைப் பொடியும்

மனிதர்களில் ‘அப்பவே சொன்னவர்’ என்று ஓர் இனம் உண்டு. அவரைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். எது உடைந்ததோ, எது ஒழுகியதோ, எது கவிழ்ந்ததோ, அந்த இடத்தில் போய்ச் சற்று நேரம் நின்றால் போதும். ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், வாளி தூக்குகிறவர்கள் தூக்கிக்கொண்டிருப்பார்கள், அழுகிறவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அவர் மட்டும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, சட்டையில் ஒரு சுருக்கம்கூட விழாமல், நிதானமாக முன்னே வருவார். தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார். பிறகு வாயைத் திறப்பார்.

“நான் அப்பவே சொன்னேன்.”

அவ்வளவுதான். அவர் வேலை முடிந்தது.

மழை பெய்தால், குடை எடுத்துப் போகும்படி அவர் அப்பவே சொன்னார். பெய்யாவிட்டால், குடை வீண் சுமை என்று அப்பவே சொன்னார். எதிர்வீட்டுப் பையன் தேர்வில் தேறினால் அவன் கெட்டிக்காரன் என்றும், தேறாவிட்டால் அவன் ஊர்சுற்றி என்றும் அப்பவே சொன்னார். இந்த உலகத்தில் இதுவரை எதுவுமே அவர் சொல்லாமல் நடந்ததில்லை. அவர் சொன்னதைக் கேட்காமல்தான் நடந்திருக்கிறது.

இந்த இனத்தில் மிகவும் முற்றியது படித்த வகை. அவர் கையில் ஒரு கருவியும் இருக்கும். வாய் சொல்வதைக் கருவியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொல்ல வைப்பார். அப்படிப்பட்ட ஒருவரைத்தான் இப்போது நாம் கிட்டப் போய்ப் பார்க்கப் போகிறோம். சத்தம் போடாமல் வாருங்கள்.

வெள்ளைக் கல்லை அரைத்துப் பொடியாக்கி விற்கும் தொழிற்சாலை அது. பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் பற்பசைக்கும் அந்தப் பொடி போகிறது. இன்று காலை பல் துலக்கியபோது நீங்களும் கொஞ்சம் விழுங்கியிருக்கலாம். அங்கே சோதனைக்கூடத்தின் தலைவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்றவர்களுக்கு அவர் ‘அப்பவே சார்’.

அவருடைய ராஜ்யம் ஒரு மேசை. மேசையின் மேல் ஒரு கருவி, கருவியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம், கிண்ணத்தின் நடுவில் ஒரு கம்பி. கிண்ணத்தில் பொடியை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் ஓர் எண் வரும். அது என்ன எண் என்று தெரியாமல் மேலே போக முடியாது, பயப்படாதீர்கள், சுலபம்தான். வெள்ளைக் கல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே அதை வைத்தால், அவை முன்பைவிட அதிக மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை மடங்கு அதிகம் என்பதுதான் அந்த எண். வெறும் காற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கட்டியான கல்லுக்கு எட்டு, ஒன்பது. பொடிக்கு? அங்கேதான் சிக்கல். பொடி என்பது பாதி கல், பாதி காற்று. எதில் எவ்வளவு என்பதைப் பொறுத்து எண் இரண்டிலும் நிற்கும், மூன்றிலும் நிற்கும்.

இந்த எண் யாருக்கு வேண்டும்? பின்பக்க முற்றத்தில் நின்ற இரும்புத் தொட்டிக்கு வேண்டும். தொட்டி இரண்டு மாடி உயரம். அரைத்த பொடியைக் காற்றோடு குழாயில் ஊதி, மேலிருந்து அதற்குள் கொட்டுவார்கள். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது; அதனால் உள்ளே ஒரு நீளமான கம்பி தொங்கியது. கம்பியைச் சுற்றிப் பொடி ஏற ஏற, அது பிடிக்கும் மின்னேற்றமும் ஏறும். அதைக் கணக்குப் பார்த்து, வெளியே சுவரில் இருக்கும் பெட்டி ‘கால்’, ‘பாதி’, ‘நிரம்பியது’ என்று விளக்குப் போடும். நிரம்பிய விளக்கு எரிந்ததும் ஊதுவது தானாக நின்றுவிடும். ஒன்றே ஒன்றுதான்: உள்ளே கொட்டுகிற பொடியின் எண் என்ன என்று பெட்டிக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அதற்கு ஒரு குமிழ் இருந்தது. தப்பான எண்ணுக்குத் திருப்பினால் பெட்டி அதையும் நம்பும். பெட்டிக்குச் சொந்தக் கருத்து கிடையாது. அந்த விதத்தில் அது சோதனைக்கூடத் தலைவரைவிட ஒரு படி மேல்.

முன்பெல்லாம் அங்கே பொடி மணலைப் போல இருக்கும். புதிய அரவை இயந்திரம் வந்த பிறகு முகத்துக்குப் பூசும் பவுடரைப் போல ஆகிவிட்டது. இனி எண் கூடுமா, குறையுமா? தொழிற்சாலை முழுக்க இதே கேள்வி. அப்பவே சாருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அளந்த பிறகு இல்லை என்று நினைக்காதீர்கள். அளப்பதற்கு முன்பே இல்லை.

“கூடும்” என்றார். “துகள் சின்னதானா மேற்பரப்பு கூடும். மேற்பரப்பு கூடுனா ஈரம் பிடிக்கும். தண்ணியோட வேல்யூ எண்பது! அப்புறம் கூடாம என்ன பண்ணும்?”

இதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அதுதான் ஆபத்து. ஒரே குறை, இந்தப் பொடி இயந்திரத்திலிருந்து சுடச்சுடக் காய்ந்து வந்தது. ஈரம் பிடிக்க அதற்கு நேரமே இல்லை. ஆனால் உண்மையான வாக்கியங்களை அடுக்கிவிட்டால் நடுவில் ஓர் ஓட்டை இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒருத்தி பார்த்தாள். அதே அறையில் வேலை செய்த சக ஆய்வாளர் அவள். இருவரும் படித்த படிப்பு ஒன்றுதான். அவர் மட்டும் அதை எப்போதோ படித்து முடித்து, அதோடு படிப்பதையும் முடித்திருந்தார்.

அப்பவே சார் முதலில் பழைய மணல் பொடியை எடுத்தார். கரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் கொட்டினார், மேலே வழித்தார், பொத்தானை அழுத்தினார். இரண்டு புள்ளி ஒன்பது. நல்லது. அடுத்து புதிய நுண்பொடி. அள்ளினார், கொட்டினார், வழித்தார், அழுத்தினார். இரண்டு புள்ளி ஒன்று.

கருவியை முறைத்தார். பிள்ளை விருந்தாளி முன்னால் மானத்தை வாங்கினால் தகப்பன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

“பொடி இன்னும் உக்காரலை” என்றார்.

கிண்ணத்தைக் கழற்றி மேசையில் தட்டினார். டொக், டொக். பொடி இறங்கியது. இன்னொரு கரண்டி போட்டார். மறுபடி டொக், டொக். இன்னொரு கரண்டி. கட்டை விரலால் நாலு பக்கமும் அமுக்கினார். துணி திணித்த பெட்டியை மூட முடியாதவர் அதன் மேல் ஏறி உட்காருவதைப் போல அந்தக் கிண்ணத்தின் மேல் தன் முழுக் கனத்தையும் சாய்த்தார். பொத்தானை அழுத்தினார். மூன்று புள்ளி நாலு.

“பாத்தியாம்மா? கூடுது. நான் அப்பவே சொன்னேன்.”

“சார், மணல் பொடியை நீங்க தட்டவே இல்லையே?”

“அதை எதுக்கும்மா தட்டணும்? அதுதான் சரியா வந்துருச்சே!”

“கப்புல தட்டுறீங்க, சரி. தொட்டிக்குள்ள யாரு சார் தட்டுவா? ஊதிக் கொட்டுற பொடி பஞ்சு மாதிரி நிக்கும். முக்கால்வாசி காத்துதான். அங்க வேல்யூ குறையத்தான் செய்யும்.”

“அது தன் வெயிட்லயே உக்காந்துக்கும்.”

“அப்ப தட்டுனது, தட்டாதது, ரெண்டு வேல்யூவையும் சொல்லிருவோமே?”

“ரெண்டு வேல்யூ சொன்னா அதுக்குப் பேரு அளவு இல்லம்மா. குழப்பம்.”

அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: ‘பஞ்சு மாதிரி நிக்கும்’ என்று அவள் சொன்னபோது, அப்பவே சாரின் மனதின் ஒரு மூலையில் ‘இருந்தாலும் இருக்கும்’ என்று மெலிதாக ஒரு குரல் கேட்டது. அவர் அதை உட்காரச் சொன்னார். அது உட்கார்ந்தது. தன் வெயிட்டிலேயே.

தொட்டிக்குப் பொறுப்பு அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வேலையில் அவன் அவரை ‘சார்’ என்பான், வீட்டில் ‘மாமா’ என்பான், பதற்றம் வந்தால் இடம் மறந்துவிடும். முற்றத்து மேற்பார்வையாளராக அவனை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. மேலாளர் அம்மா அந்த மாதம்தான் முடிவு செய்யவிருந்தார். அவனும் தன் பங்குக்கு ஒரு விளக்கைக்கூட அணைக்க மறக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தான்.

அப்பவே சார் நேராகப் பெட்டியிடம் போய்க் குமிழில் கை வைத்தார்.

“மாமா, மாமா! அதைத் தொடாதீங்க.”

“இங்க சார்.”

“சார், அதைத் தொடாதீங்க. அந்தப் பெட்டிக்கு நான்தான் பதில் சொல்லணும். பொடி வேற பொசுபொசுன்னு வருது. கூட்டியா வெக்கச் சொல்றீங்க?”

“அளந்தது நானா, நீயா?”

“நீங்கதான். ஆனா ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா?”

“நான் எதுக்கு மாப்ள இருக்கேன்? என்ன ஆனாலும் என் பேரைச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

இப்படிச் சொல்லிவிட்டு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டுவதில் அவருக்கு ஒரு நம்பிக்கை. குமிழை மூன்று புள்ளி நாலுக்குத் திருப்பிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார். முற்றத்தில் அப்போது வேறு யாரும் இல்லை.

மறுநாள் காலை ஊதத் தொடங்கினார்கள். தொட்டிக்குள் பொடி ஏறியது. மெத்தென்று, இலேசாக, வயிறு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு ஏறியது. கம்பிக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் காற்று. பெட்டி கணக்குப் பார்த்தது. மூன்று புள்ளி நாலு எண்ணுள்ள பொடி இவ்வளவு மின்னேற்றம்தான் பிடிக்கிறது என்றால் தொட்டி கால்தான் என்றது. தொட்டி முக்காலைத் தாண்டியபோதும் பெட்டி ‘கால்’ என்றுதான் சொன்னது. கழுத்து வரை வந்தபோதும் ‘இன்னும் பாதிகூட ஆகவில்லை, தாராளமாகப் போடுங்கள்’ என்று சாதித்துக்கொண்டிருந்தது. நல்ல மாணவன், ஆசிரியர் சொன்னதை அப்படியே ஒப்பித்தது.

தொட்டியின் மூடி எகிறியது.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை, வாயைத் திறந்தால் பொடி போகும் என்பதால். முற்றம் வெள்ளை. லாரிகள் வெள்ளை. காவலாளியின் கறுத்த மீசை ஒரே நிமிடத்தில் ஓய்வு பெற்றது. மேலாளரின் கார் எது, அதன் பக்கத்தில் நின்ற குப்பைத் தொட்டி எது என்று தெரியவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் கொடியில் காயப்போட்டிருந்த கறுப்புக் கால்சட்டைகள் எல்லாம் மணமகன் உடையாக மாறின. நடுவில், தலை முதல் கால் வரை சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல மச்சினன் நின்று, இருமிக்கொண்டே ஊதும் இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்து நிறுத்தினான்.

சோதனைக்கூடத்தின் கதவு திறந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். என்ன நடந்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அதற்கு முன்பே தலை ஆடத் தொடங்கிவிட்டது.

மேலாளர் அம்மாவின் அறையில் விசாரணை. அவர் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி பொடி வந்து உட்கார்ந்தது. அப்பவே சார், சக ஆய்வாளர், மச்சினன் மூவரும் நின்றார்கள்.

“எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க” என்றார் மேலாளர்.

ஆய்வாளர் சொன்னாள். “நுண்பொடி தொட்டிக்குள்ள காத்தோட நிக்கும் மேடம். அதனால வேல்யூ குறையும். பெட்டியில கூட்டி வெச்சிருக்காங்க. கப்புல தட்டி எடுத்த வேல்யூ தட்டாத தொட்டிக்கு ஆகாது.”

“இதைத்தான் மேடம்,” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது, “கப்பு வேறங்க, தொட்டி வேறங்கன்னு நான் அப்பவே சொன்னேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “சார்! அதை நான்தானே சொன்னேன்?”

“ஆமா மேடம். அந்தப் பொண்ணும் அதைத்தான் சொல்லுது பாருங்க.”

இந்த இடத்தில் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். பொய்யருக்கு உண்மை எது என்று தெரியும். இவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மூலையில் உட்கார வைத்தாரே, ‘இருந்தாலும் இருக்கும்’ என்ற மெல்லிய குரல், அது இப்போது எழுந்து, தொண்டையைச் செருமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு அறைக்கு வந்துவிட்டது. வந்து, ‘நான்தான் எப்போதும் இங்கே பேசிக்கொண்டிருந்தேன்’ என்றது. அவர் மனதாரச் சரி என்றார். மூன்று புள்ளி நாலு? அது யாரோ சொன்னது. எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

“அப்ப குமிழைக் கூட்டி வெச்சது யாரு?” என்று மேலாளர் மச்சினனைப் பார்த்தார்.

மச்சினன் தன் மாமாவைப் பார்த்தான். மாமா மின்விசிறியைப் பார்த்தார். அறையில் எல்லாரும் யாரையாவது பார்த்தார்கள். மின்விசிறி மட்டும் யாரையும் பார்க்காமல் சுற்றியது. ‘என் பேரைச் சொல்லு’ என்றவர் இதோ வாயைத் திறப்பார், இதோ திறப்பார் என்று அவன் காத்திருந்தான். அக்கா வீட்டுக்காரரை நாலு பேர் முன்னால் தான் காட்டிக்கொடுப்பதா?

“பெட்டி என் பொறுப்புல இருக்கு மேடம்” என்றான்.

“அப்ப நீங்கதான். சரி. இப்போதைக்கு மூட்டை ஏத்துற இடத்துக்குப் போங்க. வேலையில வெச்சுக்கறதா வேண்டாமான்னு இந்த வாரத்துக்குள்ள சொல்றேன்.”

அன்று மாலை வீட்டில் அப்பவே சார் சட்டையைக் கழற்றுவதற்குள் மனைவி வந்து எதிரில் நின்றாள்.

“தம்பி வந்துட்டுப் போனான். தலையெல்லாம் வெள்ளை. நாற்பது வயசு கூடுன மாதிரி உக்காந்திருந்தான். என்னடான்னா ஒண்ணும் இல்லக்காங்கறான். அவன் ஒண்ணும் இல்லன்னா அதுல நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம். குமிழைத் திருப்புனது யாரு?”

“திருப்புனது என்னவோ நான்தான். ஆனா அது சரிப்படாதுன்னு நான் அப்பவே சொன்னேன்.”

“அப்பவேன்னா எப்போ?”

அவருக்கு விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் கேட்காத கேள்வி அது.

“அப்பவேன்னா... அப்பவேதான்.”

“காலையிலயா, சாயங்காலமா? யாருகிட்ட சொன்னீங்க? தம்பிகிட்டயா? மேடத்துகிட்டயா? அந்தப் பெட்டிகிட்டயா?”

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். நெற்றியெல்லாம் வேர்த்தது.

“மனசுக்குள்ள சொன்னேன்” என்றார்.

“என் தம்பிக்கு உங்க மனசுக்குள்ள காது இல்லையே!”

அவர் சட்டைப் பொத்தானைத் தேடினார்.

“நாளைக்குப் போய் வாயைத் திறந்து சொல்றீங்க. குமிழைத் திருப்புனது நான், அவன் வேண்டாம்னான்னு. மேடத்தோட ரெண்டு காதுலயும் விழணும். அவன் வேலை போச்சுன்னா, இந்த வீட்டுல உங்க பேச்சைக் கேக்க ஒரு ஆள் கம்மின்னு வெச்சுக்கோங்க.”

“யாரு, அவனா?”

“நான்.”

மறுநாள் அப்பவே சார் உண்மையாகவே சொல்லத்தான் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். ‘மேடம், குமிழைத் திருப்பியது நான்.’ நாலே வார்த்தை. பேருந்து நிறுத்தத்தில் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் விலகி நின்றார். மாடிப்படியில் சொல்லிப் பார்த்தார். கதவைத் தட்டும்போது அந்த வாக்கியம் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது.

“வாங்க சார், உங்களைத்தான் கூப்பிட இருந்தேன்” என்றார் மேலாளர். “நேத்து நீங்க சொன்னதை யோசிச்சேன். கப்பு வேற, தொட்டி வேற. எவ்வளவு தெளிவா சொன்னீங்க! இனிமே தொட்டிப் பக்கம் வேலை செய்யற எல்லாருக்கும் இதை நீங்களே சொல்லிக்குடுங்க.”

“மேடம், அந்தக் குமிழு...”

“சொல்லுங்க, குமிழு?”

அவர் வாயைத் திறந்தார். நாலு வார்த்தைகளும் வரிசையாக வந்து உதட்டருகில் நின்றன. மேலாளரின் முகத்தில் மரியாதை தெரிந்தது. எதிரில் நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது.

“அந்தக் குமிழைக் குறைச்சு வெக்கணும் மேடம்” என்றார்.

“பாத்தீங்களா! அதான் அனுபவம்கறது” என்றார் மேலாளர்.

அன்று மதியமே வகுப்பு. அப்பவே சார் கிண்ணத்தோடு மேசைக்குப் பின்னால் நின்றார். “துகள் சின்னதானா காத்து சேரும். காத்து சேந்தா வேல்யூ குறையும். இது அடிப்படை” என்றார். நிரூபித்தும் காட்டினார். மணல் பொடியைக் கொட்டி, டொக் டொக் என்று தட்டி, கட்டை விரலால் அமுக்கினார். எண் மூன்றைத் தாண்டியது. நுண்பொடியை, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதைப் போலக் கொட்டி, மூச்சுகூடப் படாமல் பொத்தானை அழுத்தினார், இரண்டு.

“சார், ரெண்டையும் ஒரே மாதிரி தட்டி, இல்ல ரெண்டையும் தட்டாம...” என்று ஆய்வாளர் தொடங்கினாள்.

“வேல்யூ குறையுதா இல்லையாம்மா? அதைப் பாரு.”

அதே கிண்ணம், அதே விரல், அதே நம்பிக்கை. இரண்டே நாளில் இயற்கையின் விதி தலைகீழானது. அவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். “சொன்னீங்களா?”

“அப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள். “மாமா சொல்லிட்டாராம்டா. என்ன இருந்தாலும் மனுஷன் மனுஷன்தான். நாளைக்கு மேடம் கூப்பிடுவாங்க, நல்ல சட்டையா போட்டுக்கிட்டுப் போ.”

போனான். துவைத்துத் தேய்த்த சட்டை. எவ்வளவு தேய்த்துக் குளித்தும் காதோரத்தில் போகாத வெள்ளை. மேலாளர் அறைக்கு வெளியே, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் வழிவிட்டு, சுவரோடு சுவராக நின்றான். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நிமிர்ந்தான். மாமா அந்தப் பக்கமாக இரண்டு முறை போனார். இரண்டு முறையும் விதிகளைப் பற்றி யோசித்துக்கொண்டு போனார். சாயங்காலம் கதவு பூட்டப்பட்டது. வாரக் கடைசியில், மேலாளர் கூப்பிடாமலே, கணக்குப் பிரிவிலிருந்து அவனுடைய அடையாள அட்டையை மட்டும் திருப்பிக் கேட்டார்கள்.

செய்தி வந்தபோது அப்பவே சார் என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது. ஏனென்றால் இந்த நேரத்தில் உங்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது, இல்லையா? இந்த ஆள் வாயைத் திறக்க மாட்டார், அந்தத் தம்பிக்கு வேலை போகும் என்று உங்களுக்கு முதலிலேயே தெரியும். இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்லப் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு சந்தேகம்தான்: அப்பவே தெரிந்திருந்தால், சுவரோரமாக நாள் முழுக்க நின்றானே, அவனிடம் நீங்களாவது போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?